வெளியேறும் வழியும் ஓர் அமானிதமே

குர்ஆன் ஓதத் தொடங்கும் பிள்ளைக்கு உஸ்தாத் முதன்முதலில் கற்றுக்கொடுப்பது 'மக்ரஜ்'. எந்த எழுத்து தொண்டையிலிருந்து வெளிவருகிறது, எது நாவின் நுனியிலிருந்து வருகிறது, எது உதட்டிலிருந்து வருகிறது என்று அறிந்து ஓதினால்தான் ஓதல் சீராகும். மக்ரஜ் என்ற அந்த அரபுச் சொல்லுக்கு வெளியேறும் இடம் என்பதே பொருள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வந்தவர்கள் இதே சொல்லை வேறிடத்திலும் பார்த்திருப்பார்கள். அங்குள்ள விமான நிலையங்களிலும் தங்கும் விடுதிகளிலும் வெளியே செல்லும் வாசல்களின் மேல் எழுதப்பட்டிருப்பது இந்த மக்ரஜ்தான். திருமறையின் தலாக் சூராவிலும் இச்சொல் வருகிறது. தன்னை அஞ்சி நடப்பவருக்கு இக்கட்டிலிருந்து வெளியேறும் ஒரு மக்ரஜை ஏற்படுத்தித் தருவதாக அல்லாஹுத் தஆலா அதில் வாக்களிக்கிறான்.

எழுத்து வெளியேறும் இடத்தை அவ்வளவு கவனமாகக் கற்றுக்கொடுக்கும் சமுதாயம் நம்முடையது. அந்த எழுத்தை ஓதும் பிள்ளை இருக்கும் கட்டடத்தில் தீப்பிடித்தால், பிள்ளை வெளியேறும் இடம் எது என்று யாராவது கற்றுக்கொடுத்திருக்கிறார்களா? இது கட்டடப் பொறியாளர் கவனிக்க வேண்டிய காரியம், மார்க்கப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று சில சகோதரர்கள் எண்ணலாம். மார்க்கத்திற்கு இதில் மிகப் பெரிய வேலை இருக்கிறது என்பதே நாம் இங்கு சொல்ல வந்தது.

கேள்வி என்ன?

ஒரு கட்டடம் தீப்பற்றி எரிகிறது. உள்ளே இருந்தவர்களில் சிலர் மாண்டுபோகிறார்கள். ஜனாஸாவுக்கு வந்தவர்கள் அக்குடும்பத்தாருக்கு இரண்டு சொற்களால் ஆறுதல் கூறுகிறார்கள். அவரவர் அஜல் எழுதப்பட்டபடியே வரும் என்பது ஒன்று. தீயில் இறந்தவர்கள் ஷஹீதுகள் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. அஜல் ஒரு நொடி முந்துவதுமில்லை, பிந்துவதுமில்லை. போர்க்களத்தில் வெட்டுண்டு மடிவதல்லாமல் ஷஹீதுடைய நற்கூலியைப் பெற்றுத்தரும் மரணங்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, தீயில் கருகி இறந்தவரையும் அந்த வரிசையில் சேர்த்தார்கள். உற்றாரை இழந்து துடிப்பவர்களுக்கு இதைவிட மேலான ஆறுதல் வேறு எதுவுமில்லை.

ஆனால், இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கேள்வி அமுங்கிப் போய்விடுகிறது. பின்வாசல் ஏன் பூட்டியிருந்தது? அதன் சாவி யாரிடம் இருந்தது?

இறந்தவர் ஷஹீதாகிவிட்டபடியால், பூட்டியவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடுகிறாரா? எண்ணிப் பாருங்கள். ஹளரத் உமர் (ரலி), ஹளரத் உஸ்மான் (ரலி), ஹளரத் அலீ (ரலி) ஆகிய மூன்று கலீஃபாக்களும் ஷஹீதானவர்களே. அவர்களுக்கு அந்தப் பதவி கிடைத்ததால் அவர்களைக் கொன்றவர்களின் பாவத்தில் அணுவளவாவது குறைந்தது என்று எவரேனும் சொல்வாரா? ஷஹாதத் என்பது இறந்தவருக்கு அல்லாஹ் அளிக்கும் கூலி. அது இருப்பவருக்கு வழங்கப்படும் மன்னிப்புச் சீட்டன்று.

தீயைப் பற்றி நபிவழி

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே தீப்பற்றி எரிந்தது. செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அப்போது அவர்கள், நெருப்பு மனிதனுக்கு எதிரி என்றும், உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் எச்சரித்தார்கள். இது புகாரி ஷரீபில் அபூமூஸா (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள செய்தி. விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்றும் மற்றொரு ஹதீஸில் வருகிறது. எரிவது எப்படித் தொடங்குகிறது என்ற காரணத்தைக்கூட ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள் நம் தலைவர். இன்று எலி இழுக்கும் திரிக்குப் பதில் எலி கடித்த மின்கம்பி இருக்கிறது. எதிரி அதே எதிரிதான்.

சுற்றுச்சுவர் இல்லாத மொட்டை மாடியில் உறங்குகிறவர் தம் பாதுகாப்பைத் தாமே இழந்துவிட்டார் என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதை மக்தபுப் பிள்ளையும் அறியும். தெருவில் கிடக்கும் ஒரு முள்ளை அகற்றுவது ஈமானின் கிளையானால், மாடிப்படியை மறித்து அடுக்கிய பெட்டிகளை அகற்றுவது எதனுடைய கிளை?

இங்கே ஒருவர் எதிர்க்கேள்வி கேட்கலாம். இரவில் பிஸ்மி சொல்லிக் கதவுகளை அடைக்கும்படி ஹதீஸ் சொல்கிறதே, நீங்கள் திறந்து வைக்கச் சொல்கிறீர்களே என்பார். நாம் அப்படிச் சொல்லவில்லை. ஹதீஸ் அடைக்கச் சொன்ன கதவு, உள்ளே உறங்குபவரைக் காக்க உள்ளிருந்து தாழிடும் கதவு. ஆபத்து வந்தால் அதே கை அந்தத் தாழை நீக்கிவிடும். உள்ளிருப்பவர் கைக்கு எட்டாத பூட்டு என்பது முற்றிலும் வேறு. முன்னது வேலி, பின்னது சிறை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

தவக்குலும் தப்பும் வழியும்

ஷாமிலே கொள்ளை நோய் பரவியிருந்த காலத்தில் ஹளரத் உமர் (ரலி) அவர்கள் படைத் தலைவர்களைக் காணப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடம்வரை சென்றார்கள். நோய்ச் செய்தி கேட்டதும் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் கலந்தார்கள். பிறகு திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவர் எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது இறைவிதிதானே என்று உவமையும் காட்டினார்கள்.

இந்த நிகழ்ச்சியை உள்ளத்தில் பதித்துக்கொண்டால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. தீயும் தக்தீர்தான். திறந்திருக்கும் இரண்டாவது வாசலும் தக்தீர்தான். தீயைத் தக்தீர் என்று ஒப்புக்கொள்பவர், வாசலை மட்டும் மனிதத் தந்திரம் என்று ஒதுக்குவது எந்த நியாயம்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிமொழியை மேடைதோறும் கேட்கிறோம். கட்டடத்துக்கு வழி வைத்துவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நம்ரூதின் நெருப்பு ஹளரத் இப்ராஹீம் (அலை) அவர்களுக்குக் குளிர்ந்தது உண்மை. அது நபியின் முஃஜிஸாத். எரிப்பது நெருப்பின் இயல்பாக இல்லாதிருந்தால் அது அற்புதமாகவே ஆகியிருக்காது. இப்ராஹீம் நபியின் ஈமானைக் கேட்டுத் துஆச் செய்வோம். அவர்களுக்கு நடந்த அற்புதத்தை நம்பிக் கட்டடம் கட்டக் கூடாது.

நம் காஞ்சியைப் பார்ப்போம்

காஞ்சிபுரம் தீயை வேறு வகையில் அறிந்த ஊர். அசல் பட்டா என்று ஐயம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். மயிர் கருகும் வாசம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் விழுந்தால் அது பட்டு. பட்டு நூல் பஞ்சைப் போலப் பொசுக்கென்று பற்றிப் பரவுவதில்லை. ஆனால் பட்டுச் சேலையைச் சுற்றியுள்ள மற்றவை அப்படியில்லை. அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் உறை, மர அலமாரி, பருத்தித் துணி, செயற்கை நூல், ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைகள், அவற்றின் மேலே ஓடும் பழைய மின்கம்பி, எல்லாம் எளிதில் பற்றக்கூடியவை. தீ உடலைத் தொடுமுன்னரே புகை மூச்சை அடைத்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

பிள்ளையார்பாளையம் முதலான நெசவாளர் பகுதிகளில் வீடே தொழிற்கூடம். நெசவாளி தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கிறார். கோர்வைச் சேலையானால் பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் உண்டு. முன்னால் பாவு நீண்டு கிடக்கிறது. குழியிலிருந்து எழுந்து, பாவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வரவே நேரமாகும். ஒட்டிச் சுவரெழுப்பிய குறுகிய நீண்ட வீடானால், புழக்கடைக் கதவுதான் இரண்டாவது வழி. அந்தக் கதவின் மேல் விறகும் வேண்டாத சாமானும் சாத்திக் கிடந்தால், வீட்டுக்கு உள்ள வழி ஒன்றே. ஒலிமுகமதுபேட்டை போன்ற நம்மவர் வாழும் இடங்களிலும் இடைகழியில் இருசக்கர வண்டி, அதன் முன்னே இரும்புக் கேட், கேட்டில் பூட்டு என்பதுதான் இரவுக் காட்சி. முகூர்த்த மாதங்களில் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளின் மாடிப்படிகளில் ஏறி இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவருக்கு, இத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்க நேர்ந்தால் என்னாகும் என்ற எண்ணம் வராமலிராது.

வழி வகுப்பது இவ்வூருக்குத் தெரியாத கலையுமன்று. 2019இல் வரதராசப் பெருமாள் கோயிலில் 48 நாட்கள் அத்திவரதர் வைபவம் நடந்தபோது, வந்து குவிந்த மக்கள் வெள்ளத்துக்காக உள்ளே வர ஒரு வழி, வெளியேற வேறு வழி என்று வகுக்கத்தான் வேண்டியிருந்தது. கூட்டம் பெரிதானால் வழி பற்றிய நினைவு தானாக வருகிறது. வீட்டில் ஏழு பேர், மதரஸாவில் நாற்பது பேர் என்று எண்ணிக்கை சிறிதாகும்போதுதான் நினைவு தவறிவிடுகிறது.

நடந்தவை சொல்லும் பாடம்

2004 ஜனவரி 23இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் போட்டிருந்த ஓலைப் பந்தலில் தீப்பற்றி, இறங்க நல்ல வழியில்லாமல் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். கீழே சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி, குறுகிய படிக்கட்டில் இறங்க முடியாமல் 94 குழந்தைகள் கருகினர். 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் அவ்வழக்கில் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் எவரும் கையால் தீ வைத்தவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1997 ஏப்ரல் 15, ஹிஜ்ரி 1417 துல்ஹஜ் பிறை 8, மினாவில் ஹாஜிகளின் கூடாரங்களில் தீ மூண்டது. பலத்த காற்றில் ஆயிரக்கணக்கான கூடாரங்கள் எரிந்து 340க்கும் மேற்பட்ட ஹாஜிகள் இறந்தனர். இஹ்ராம் கட்டியவர்கள், லப்பைக் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய மரணத்தைவிட மேலான மரணம் எது? ஆயினும் அந்நாட்டு அரசு ஷஹீதுகள் என்று சொல்லியதோடு நின்றுவிடவில்லை. தீப்பற்றாத கூடாரங்களை அமைத்தது. கூடாரங்களில் எரிவாயு அடுப்பைத் தடை செய்தது. ஷஹாதத்தை நம்புவதும் வழியைச் சீர்செய்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு மினா மைதானமே சாட்சி.

இவை வழி போதாமையால் நேர்ந்தவை. இருந்த வழியை மனிதனே அடைத்ததால் நேர்ந்தவை இன்னும் கொடியவை. 1911 மார்ச் 25இல் நியூயார்க் நகரத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் 146 தொழிலாளர்கள் இறந்தனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. தொழிலாளர் சாமான்களைத் திருடிச் செல்வார்கள் என்ற அச்சமே பூட்டுக்குக் காரணம். நூறாண்டு கழித்து, 2012 செப்டம்பர் 11இல் கராச்சியின் பல்தியா பகுதியில் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் ஜன்னல்களில் இரும்புக் கம்பி, வாசல்களில் பூட்டு. அதே ஆண்டு நவம்பர் 24இல் டாக்காவுக்கு அருகே மற்றோர் ஆடைத் தொழிற்சாலையில் 110க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நியூயார்க் முதலாளிகள் நம்மவரல்லர் என்று சொல்லிக்கொள்ளலாம். கராச்சியிலும் டாக்காவிலும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா?

கராச்சித் தீ பணம் பறிக்க வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, இருவருக்கு மரண தண்டனை விதித்தது. தீ வைத்தவர் ஒருவர். வழியை அடைத்தவர் வேறொருவர். முன்னவரின் குற்றம் பெரிது. அதற்காகப் பின்னவரின் குற்றம் இல்லாமற்போகாது. எத்தனை தீ வைத்தாலும், வழி திறந்திருந்தால் அத்தனை உயிர்கள் போயிரா.

சங்கிலி

இனிச் சொல்லப் போவது நமக்கு மிக அருகில் நடந்தது. மனம் கூசினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திவந்த மனநோயாளர் இல்லங்களில் ஒன்று 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. கூச்சல் கேட்டது, ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். பிணைப்பு இறுகாமலிருந்த சிலரே தப்பினர். அதன்பின் அத்தகைய இல்லங்களை அரசு மூடியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது.

அவர்களைக் கட்டிய குடும்பத்தாரையெல்லாம் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. வைத்தியம் பார்த்து அலுத்து, கையிருப்புக் கரைந்து, கடைசி நம்பிக்கையாக அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். மகன் கடலில் இறங்கிவிடுவான், மகள் ரோட்டில் ஓடிவிடுவாள் என்ற பயம் தாய் மனத்துக்கு இயல்பே. அந்தப் பயத்தில்தான் சங்கிலி பிறந்தது. ஆகவே கேள்வி கடினமாகிறது. காப்பதற்காகவே ஒருவரைக் கட்டினால், அப்போதும் குற்றமா?

நாம் கண்ட விடை இது. ஒருவருடைய காலைக் கட்டுகிறவர், அவருடைய ஓட்டத்தைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார். ஒருவருடைய கதவைப் பூட்டுகிறவர், அக்கதவைத் திறந்துவிடும் கடமையை வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடமையை நிறைவேற்ற இரவும் பகலும் பக்கத்தில் ஆளில்லையென்றால், கட்டவோ பூட்டவோ அவருக்கு உரிமையில்லை. ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைக் குறித்து விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியின் கருத்து இதுதான். வெளியேறும் வழி உள்ளிருப்பவரின் ஹக். சாவி வைத்திருப்பவரிடம் அது அமானிதமாக இருக்கிறது. அமானிதத்தை உரியவருக்கு உரிய நேரத்தில் கொடாதவரின் நிலை என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை.

ஒரு பூனையின் வழக்கு

ஒரு பெண் பூனையை அடைத்துவைத்தாள். தானும் தீனி போடவில்லை. வெளியே போய்த் தேடித் தின்னவும் விடவில்லை. பூனை இறந்தது, அதன் பொருட்டு அவள் நரகம் புகுந்தாள் என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் வருகிறது. அவள் பூனையை அடித்துக் கொல்லவில்லை. அவள் செய்ததெல்லாம், அதன் வழியை அடைத்துவிட்டு அதை மறந்துபோனதுதான். ஒரு பூனையின் மக்ரஜுக்கு இவ்வளவு விசாரணை என்றால், ஆதமுடைய மக்களின் மக்ரஜுக்கு எவ்வளவு விசாரணை இருக்கும்?

ஃபிக்ஹு நூல்களிலும் இதற்கு வழிகாட்டல் உண்டு. ஒருவரை அடைத்துவைத்து, உணவையும் நீரையும் தடுத்து, அவற்றைத் தேடவும் விடாமல், சாதாரணமாக மனிதர் மடிந்துவிடக்கூடிய காலம் கடந்து அவர் இறந்தால், அது வேண்டுமென்றே செய்த கொலை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதுகிறார்கள். பொதுவழியில் உரிமையின்றிப் பள்ளம் தோண்டிவைக்க, அதில் ஒருவர் விழுந்து இறந்தால், தோண்டியவர் மீது ஈட்டுத்தொகை சாரும் என்பதை நம் பகுதியார் பின்பற்றும் ஹனபி மத்ஹபிலும், கடற்கரை ஊரார் பின்பற்றும் ஷாபி மத்ஹபிலும் காணலாம். தோண்டியவர் எவரையும் பிடித்துத் தள்ளவில்லை. அவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்திருக்கலாம். ஆயினும் பொறுப்பு அவரைத் தேடி வருகிறது. மாடிப்படியில் சரக்கை அடுக்கிவிட்டு வீட்டில் உறங்குகிறவர் தம்மை இந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும்.

அறிந்தே அடைத்தவர், அலட்சியத்தால் விட்டவர், அறியாமல் விட்டவர் என்று தரங்கள் இருக்கின்றன. எல்லாரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. காழியின் தீர்ப்பில் ஒருவர் தப்பலாம். அல்லாஹ்வின் தீர்ப்பு உள்ளத்தின் அலட்சியத்தையும் நிறுக்கும். ஆனால் ஒருமுறை எடுத்துச் சொல்லக் கேட்டவர், மறுமுறை அறியாதவர் வரிசையில் நிற்க முடியாது.

பூட்டாவிட்டால் திருட்டுப் போகுமே என்பவர்களுக்கு ஒரு சொல். பொருளைக் காப்பதும் மார்க்கத்தின் நோக்கங்களில் ஒன்றே. தீன், உயிர், அறிவு, வம்சம், பொருள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வரிசைப்படுத்திய ஐந்தில் உயிர் இரண்டாவது, பொருள் ஐந்தாவது. ஐந்தாவதைக் காக்க இரண்டாவதைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கு? தவிரவும், இரண்டும் சேர்ந்து நிறைவேற வழி இருக்கிறது. வெளியிலிருந்து திறக்க முடியாமலும், உள்ளிருந்து சாவியின்றித் திறக்கக்கூடியதாகவும் தாழ்ப்பாள் போடலாம். வெளியேறும் வாசலை உள்ளிருப்பவர் சாவியில்லாமல் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே இந்தியத் தேசியக் கட்டட விதிகளும் கூறுகின்றன.

வெட்கமும் தொழுகையும்

தாய்மார்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. தீப்பற்றிய நேரத்தில் புர்கா எட்டாத இடத்தில் இருந்தால் என்ன செய்வது? 2002 மார்ச் 11இல் மக்கா நகரில் பெண்கள் பள்ளி ஒன்று தீப்பிடித்து 15 மாணவியர் இறந்தபோது, தலையை மூடாமல் வந்த பிள்ளைகளைச் சிலர் தடுத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அரசு விசாரணை அதை ஏற்கவில்லை. நெரிசலையும் பாதுகாப்புக் குறைவையுமே காரணமாகக் காட்டியது. நடந்தது எதுவாயினும் மார்க்கச் சட்டம் தெளிவானது. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும். உயிர் போகும் நேரத்தில் பசித்தவருக்குச் செத்த பிராணியின் இறைச்சியையே திருமறை அனுமதித்திருக்கிறது. ஆகவே இருக்கும் கோலத்தில் வெளியேறுங்கள். தடுப்பவரே பாவி, வெளியேறும் பெண்ணல்ல. வெளியே நிற்கும் ஆண்கள் தோளிலுள்ள துண்டைக் கொடுத்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொள்வதுதான் அந்நேரத்து ஹயா.

தொழுகையில் இருக்கும்போது தீ என்ற குரல் கேட்டால்? தொழுகையை விட்டுவிட்டுப் போய், எரிவதற்கோ மூழ்குவதற்கோ இருப்பவரைக் காப்பாற்றுவது வாஜிப் என்று இமாம்கள் கூறியிருக்கிறார்கள். தொழுகையிலேயே பாம்பையும் தேளையும் கொல்ல அனுமதித்த மார்க்கம் இது. அச்சம் சூழ்ந்த நேரத்தில் நடந்துகொண்டோ வாகனத்தில் அமர்ந்தோ தொழலாம் என்று பகரா சூரா சலுகை தருகிறது. தொழுகையை மீண்டும் தொழலாம். போன உயிரை மீட்டுக் கொண்டுவர இயலாது.

என்ன செய்யலாம்?

வீட்டிலிருந்து தொடங்குவோம். இன்றிரவே வீட்டாரை அழைத்து, வாசல் பக்கம் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது, வெளியே எந்த இடத்தில் கூடுவது என்று பேசிவையுங்கள். கேட்டின் சாவி கதவருகே ஆணியில், குழந்தை கைக்கும் எட்டும் உயரத்தில் தொங்கட்டும். புழக்கடைக் கதவையும் மொட்டை மாடிக் கதவையும் அடைக்கும் சாமான்களை அகற்றுங்கள். வண்டியைப் படுக்கும் அறை வழியில் நிறுத்தவோ, இரவெல்லாம் அங்கே மின்னேற்றவோ வேண்டாம். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வர வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101, அல்லது 112 என்பது வீட்டில் அனைவருக்கும் மனப்பாடமாகட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. உள்ளறையில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியத்தாவை யார் தூக்கி வருவது? தொட்டில் குழந்தையை யார் எடுப்பது? பெயர் சொல்லி இப்போதே பொறுப்பை ஒப்படையுங்கள். ஓட முடிந்தவர் ஓடிவிடுவார். ஓட முடியாதவரின் ஓட்டம் யாரிடம் அமானிதமாக இருக்கிறது என்பதே ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய கேள்வி.

முத்தவல்லிமார்களுக்கும் ஜமாஅத்தாருக்கும் நம் விண்ணப்பம். ரமளான் இருபத்தேழாம் இரவு பள்ளிவாசல் நிரம்பியிருக்கும்போது, ஒரு வாசலை மட்டும் திறந்துவைத்து மற்றவற்றில் பூட்டுத் தொங்கவிடாதீர்கள். செருப்பும் சைக்கிளும் வாசலை மறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் தொழும் பகுதிக்குத் தனி வாசல் இருந்தால் அது உள்ளிருந்து திறக்கட்டும். மதரஸாக்களில் பிள்ளைகள் இரவில் வெளியே போய்விடுவார்கள் என்று அறையை வெளியிலிருந்து பூட்டுவது வேண்டாம். காவலுக்கு ஓர் ஆள் படுக்கட்டும், பூட்டைக் காவலாக்காதீர்கள். நிக்காஹ் மண்டபம் பேசும்போது சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை பந்தி என்று கேட்பதோடு, இறங்கும் படி எத்தனை, அடுப்பு எங்கே என்றும் கேளுங்கள். முதலாளிமார்கள் மூட்டை அடுக்கும் இடத்தை இன்றே ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தப் படியில் ஏறி வரும் பெண்பிள்ளை யாரோ ஒருவரின் மகள்.

நிறைவாக

வெளியேற நினைத்தும் வெளியேற முடியாத ஒரு தீயைப் பற்றித் திருமறை எச்சரிக்கிறது. அது மறுமையின் தீ. துன்யாவின் எந்தத் தீயையும் அப்படிப்பட்டதாக ஆக்கிவைக்க நமக்கு அனுமதியில்லை. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்று மாயிதா சூரா கூறுகிறது. அந்த நன்மை ஒரு தாழ்ப்பாளை மாற்றுவதிலும், ஒரு படிக்கட்டைக் காலி செய்வதிலும் காத்திருக்கலாம். தீ வராமலே போனாலும், வழியைத் திறந்துவைத்தவருக்கு அவருடைய நிய்யத்தின் கூலி வந்தே தீரும்.

தக்வா உடையவருக்கு மக்ரஜை வாக்களித்த வல்ல ரஹ்மான், தன் அடியார்களின் மக்ரஜை அடைக்காதவர்களாக நம்மை ஆக்கி, நம் இல்லங்களையும் பள்ளிகளையும் பிள்ளைகளையும் பாதுகாத்து, தீயில் மாண்ட ஷஹீதுகளின் தரஜாவை உயர்த்துவானாக! ஆமீன்.